ஜி.இ.டி. வெறும் காகிதம்தானா? 38 வயதில் எழுதலாமா என்று கேட்டவருக்கு

"ஊரில் பதினொன்றாம் வகுப்பு பாதியில் நின்றுபோனது. கல்யாணமாகி அமெரிக்கா வந்து 14 வருடம் ஆகிறது. கிரீன் கார்டு இருக்கிறது. கடையில் பில் போடும் வேலை. இப்போது 38 வயது. ஜி.இ.டி. எழுதினால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, இல்லை அது வெறும் காகிதம்தானா? இனிமேல் படித்து என்ன செய்யப்போகிறாய் என்கிறார் வீட்டுக்காரர்."

நீங்கள் கேட்டது இது. சில வருடங்களாக வாரத்தில் இரண்டு மாலை, வயது வந்தவர்களுக்கான வகுப்பில் இந்தத் தேர்வுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. ஆனால் பதில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டுவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமாக. ஜி.இ.டி. என்பது பள்ளியை முடிக்காதவர்கள் எழுதி, அமெரிக்க உயர்நிலைப் பள்ளி முடித்ததற்கு இணையான சான்றிதழ் வாங்கும் தேர்வு. அது ஒரு ரேஷன் கார்டு மாதிரி. கார்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டால் ஒரு குந்துமணி அரிசி வராது. கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன கிடைக்கும் என்று தெரிந்து போய் வரிசையில் நிற்பவருக்குத்தான் அதனால் பயன். ஆனால் கார்டு இல்லாமல் வரிசையிலேயே நிற்க முடியாது, அதுவும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்கிறவர்கள்தான் அதிகம். "எழுதினால் வாழ்க்கையே மாறிவிடும்" என்று ஒரு கூட்டம், "அதை எவன் மதிக்கிறான்" என்று இன்னொரு கூட்டம்.

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன், வாசிக்கும் வேறு சிலருக்காக ஒன்று. ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி பெற்றவர்களுக்கு ஜி.இ.டி. தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை, வெளிநாட்டுச் சான்றிதழ்களை மதிப்பிட்டுத் தரும் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்தால், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் படிப்புக்கு இணை என்று எழுதிக் கொடுப்பார்கள். நேசஸ் (NACES) என்ற கூட்டமைப்பில் உள்ள நிறுவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகளும் வேலை தருபவர்களும் அதில் வந்ததை மட்டும்தான் ஏற்பார்கள். இது தெரியாமல் பிளஸ் டூ முடித்துவிட்டு ஜி.இ.டி. வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். பத்தாவதோடு நின்றவர்களுக்குக் கதை வேறு. எஸ்.எஸ்.எல்.சி. இங்கே பத்தாம் வகுப்பு வரை படித்ததாகத்தான் கணக்கு. நீங்கள் அந்தப் பக்கம்தான் வருகிறீர்கள்.

சரி, இந்த ஜி.இ.டி. எப்படி வந்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பு ஏன் இப்படி இரண்டுங்கெட்டானாக இருக்கிறது என்பதும் புரியும். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், பள்ளியைப் பாதியில் விட்டுப் படையில் சேர்ந்த பையன்களுக்காகத் தொடங்கிய தேர்வு இது. போர் முடிந்து திரும்புகிற இருபத்திரண்டு வயதுக்காரனைப் போய்ப் பள்ளிக்கூட பெஞ்சில் பதினாறு வயசுப் பையன்களோடு உட்காரச் சொல்ல முடியாதே. அதனால் அவனுக்குத் தெரிந்ததைச் சோதித்து, பள்ளி முடித்தவனுக்குச் சமம் என்று ஒரு சான்று கொடுத்து, கல்லூரிக்கு அனுப்பினார்கள். 1947-ல் நியூயார்க் மாநிலம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. கடைசியாக 1974-ல் கலிபோர்னியாவும் சேர்ந்தது. இப்போதைய கணினித் தேர்வு 2014-ல் வந்தது. அதே வருடம் ஹைசெட் என்ற போட்டித் தேர்வும் வந்தது, சில மாநிலங்கள் அதை ஏற்கின்றன, சில இரண்டையும் ஏற்கின்றன. உங்கள் மாநிலத்துக் கல்வித் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் கையில் வருவது மாநில அரசு தரும் சான்றிதழ். மேரிலாந்தில் அதை உயர்நிலைப் பள்ளி டிப்ளமா என்றே கொடுக்கிறார்கள்.

ஆக, தொடக்கத்திலிருந்தே இது கல்லூரிக்குப் போவதற்கான ஏற்பாடு. வேலைக்காக மட்டும் என்று யாரும் இதை உண்டாக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள்.

பிரயோஜனம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது சம்பளம்தான். தேர்வுக்குத் தயார் செய்யும் நிறுவனங்களின் விளம்பரங்களில் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் ஒரு அட்டவணையைக் காட்டுவார்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 25 வயது தாண்டிய முழுநேர ஊழியர்களில், பள்ளி முடிக்காதவர்களின் நடுமட்ட வாரச் சம்பளம் 708 டாலர், பள்ளி முடித்து அதற்கு மேல் படிக்காதவர்களுடையது 899 டாலர். வாரத்துக்கு 191 டாலர் வித்தியாசம், வருடத்துக்கு ஏறக்குறைய 10,000 டாலர். வேலையின்மையும் 5.6 சதவீதத்துக்கு 3.9 சதவீதம். பார்த்தவுடன் "ஆஹா, ஜி.இ.டி. எழுதினால் வருடத்துக்குப் பத்தாயிரம் கூட வரும்" என்று தோன்றும். தோன்றவேண்டும் என்றுதான் அதைப் போடுகிறார்கள்.

ஆனால் அந்த அட்டவணையில் ஜி.இ.டி. எழுதியவர்களுக்குத் தனி வரிசை கிடையாது. நான்கு வருடம் பள்ளிக்கு ஒழுங்காகப் போய் முடித்தவர்களோடு அவர்களையும் ஒரே குடத்தில் ஊற்றிக் கலக்கி எடுத்த கணக்கு அது. பிரித்துப் பார்த்தால் என்ன வருகிறது என்று பொருளாதார அறிஞர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஹெக்மன், 2000-ல் பொருளாதார நோபல் வாங்கியவர், 1993-ல் ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர்கள் கண்டது, ஜி.இ.டி. வைத்திருப்பவர்கள் வேலைச் சந்தையில் பள்ளி முடித்தவர்கள் மாதிரி இல்லை, பள்ளியை விட்டவர்கள் மாதிரிதான் இருக்கிறார்கள் என்பது. மூளையில் குறைவில்லை. தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் பள்ளி முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகாதவர்களுக்கு ஏறக்குறைய சமமாகத்தான் வருகிறார்கள். பிறகு எங்கே இடிக்கிறது? ஒன்றைத் தொடங்கினால் முடிக்கும் வரை நிற்பதில் என்கிறார் ஹெக்மன். வேலையை விடுகிறார்கள், கல்லூரியை விடுகிறார்கள், படையில் சேர்ந்தாலும் ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியே வந்துவிடுகிறார்கள். அமெரிக்க ராணுவத்துக்கு இது கண்கூடாகத் தெரியும். அதனால்தான் பள்ளி டிப்ளமா வைத்திருப்பவர்களை முதல் தரமாகவும், ஜி.இ.டி. மட்டும் வைத்திருப்பவர்களை இரண்டாம் தரமாகவும் வைத்து, சேர்ப்பவர்களில் 90 சதவீதம் பேராவது முதல் தரத்தில் இருக்கவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஜி.இ.டி. வைத்திருப்பவர் 15 கல்லூரி கிரெடிட் (பாட அலகு) முடித்துவிட்டு வந்தால் முதல் தரத்துக்கு ஏறிவிடலாம். இந்தக் கடைசி விதியைக் கவனியுங்கள், ராணுவம் கேட்பது மேற்கொண்டு அறிவை மட்டும் அல்ல, ஒரு இடத்தில் உட்கார்ந்து எதையாவது முடித்ததற்கான சாட்சியை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹார்வர்டைச் சேர்ந்த ரிச்சர்ட் மர்னேனும் ஜான் வில்லட்டும், ஜான் டைலரும் சேர்ந்து 2000-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி அது. அந்தக் காலத்தில் ஜி.இ.டி. தேர்ச்சி எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பேரில் ஒருவர் தன் மாநிலத்தில் தேர்ச்சி, இன்னொருவர் தன் மாநிலத்தில் தோல்வி. அறிவு ஒன்று, காகிதம் மட்டும் ஒருவரிடம் இருக்கிறது, ஒருவரிடம் இல்லை. அப்போது இருவர் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசம்தானே காகிதத்தின் விலை? எல்லைக்கோட்டில் நின்ற வெள்ளை இன இளைஞர்களுக்கு அந்தக் காகிதம் 10 முதல் 19 சதவீதம் வரை சம்பளத்தைக் கூட்டியிருந்தது. சிறுபான்மை இனத்தவருக்கு அப்படித் தெளிவான பலன் எதுவும் கிடைக்கவில்லை. ஆக "வெறும் காகிதம்" என்பதும் சரியில்லை, "எல்லோருக்கும் சம்பளம் கூடும்" என்பதும் சரியில்லை.

இதை எல்லாம் சொல்லி உங்களைப் பயமுறுத்த நினைக்கவில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு, இருபது வயதில் பள்ளியைப் பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடியவர்களைப் பற்றியவை. வீட்டுச் சூழ்நிலையால் படிப்பு நின்றுபோய், பதினான்கு வருடமாகக் குடும்பம் நடத்தி, ஒரே கடையில் வருடக்கணக்காக நேரம் தவறாமல் போய் வருகிற ஒருவருக்கு, 'தொடங்கினால் முடிக்கமாட்டார்' என்ற பழி அப்படியே ஒட்டாது. ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் பார்ப்பது ஒரு கட்டத்தில் உள்ள ஒரு வரி. அதனால் அந்த வரியோடு நின்றுவிடாமல் அதற்குக் கீழே இன்னொரு வரி வரவேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்த இரண்டாவது வரி என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம் ஜி.இ.டி.க்குப் பதியுங்கள். தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் காகிதத்தை வாங்கி பீரோவில் வைக்கிறார்கள்.

உங்கள் நிலையில் இருந்து எட்டிப்பிடிக்கக்கூடிய இரண்டாவது வரிகள் என்னென்ன? எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

நம் பெண்கள் நிறைய பேர் போகிற ஒன்று பள்ளியில் பாரா வேலை, அதாவது வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாக இருப்பது. பிள்ளைகளின் பள்ளி நேரமும் விடுமுறையும் ஒத்துப்போகும் என்பதால் அம்மாக்களுக்கு அது வசதி. டைட்டில் ஒன் எனப்படும் மத்திய அரசு உதவி பெறும் பள்ளித் திட்டங்களில் பாடம் சொல்லிக்கொடுக்க உதவுகிற பாராவுக்குப் பள்ளி டிப்ளமாவோ அதற்கு இணையானதோ கட்டாயம். அதோடு இரண்டு வருடக் கல்லூரி, அல்லது அசோசியேட் என்ற இரண்டு வருடப் பட்டம், அல்லது ஒரு தகுதித் தேர்வு, இந்த மூன்றில் ஒன்று வேண்டும். பல மாநிலங்களில் அந்தத் தகுதித் தேர்வாக பாராப்ரோவை வைத்திருக்கிறார்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு, அவ்வளவுதான் அதில் வரும். ஜி.இ.டி.க்குப் படித்த சூட்டோடு அதையும் எழுதிவிடலாம். இப்போது மதிய உணவுக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறவர்களுக்கு இது அடுத்த படி.

இரண்டாவது, குழந்தைப் பராமரிப்பு. சி.டி.ஏ. என்ற தகுதிச் சான்றுக்கும் பள்ளி டிப்ளமா அல்லது ஜி.இ.டி. கேட்பார்கள்.

மூன்றாவது, செவிலியர் துறை. நர்சிங் உதவியாளர், சி.என்.ஏ. என்பார்களே, அதற்குப் பல இடங்களில் ஜி.இ.டி. கூடத் தேவையில்லை. சில வாரப் பயிற்சியில் முடிந்துவிடும். ஆனால் அங்கேயே நின்றால் முதுகுதான் ஒடியும். அதற்கு மேல் எல்.பி.என்., அதாவது உரிமம் பெற்ற செவிலியரில் முதல் படி, ஆகவேண்டுமென்றால் ஏறக்குறைய ஒரு வருடப் படிப்பு, பிறகு உரிமத் தேர்வு, அந்தப் படிப்பில் சேர டிப்ளமா அல்லது இணைச் சான்று இல்லாமல் முடியாது. 2023 கணக்கில் நர்சிங் உதவியாளரின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 38,000 டாலரைச் சுற்றி, எல்.பி.என்.னுக்கு 59,000-க்கு மேல். இடையில் இருக்கிற இருபதாயிரம் சொச்சத்தை ஜி.இ.டி. தரவில்லை, எல்.பி.என். படிப்பு தருகிறது. ஆனால் அந்தப் படிப்பின் வாசலில் நின்று "சான்றிதழ் எங்கே" என்று கேட்கிறவன் கையில் கொடுக்க ஜி.இ.டி. வேண்டும். இப்படிப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அப்புறம் கல்லூரிக் கட்டணம். ஜி.இ.டி.யின் மதிப்பை யாராவது டாலரில் சொல்லச் சொன்னால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெல் கிராண்ட் என்று மத்திய அரசு தரும் உதவித்தொகை இருக்கிறது, திருப்பிக் கட்டவேண்டாம். 2024-25 கல்வியாண்டில் அதன் உச்சத் தொகை 7,395 டாலர். குடும்ப வருமானத்தைப் பொறுத்தும், முழுநேரமா பகுதிநேரமா என்பதைப் பொறுத்தும் குறையும். அதை வாங்க டிப்ளமாவோ இணைச் சான்றோ வேண்டும். சில தொழிற்பயிற்சிப் பாதைகளுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் அது குறுகலான சந்து. கிரீன் கார்டு இருப்பவர்கள் தகுதி உள்ளவர்கள். எச்-4 போன்ற, வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது, இதை ஏன் சொல்கிறேன் என்றால் அவர்களில் சிலர் இதை நம்பிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு முழிக்கிறார்கள். உங்கள் வீட்டுக்காரரின் வருமானமும் கணக்கில் வரும் என்பதால் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. இந்த உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்ஸா படிவத்தின் தளத்திலேயே தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தொகையை அவரிடம் காட்டுங்கள், "இனிமேல் என்ன படிப்பு" என்ற பேச்சு கொஞ்சம் குறையலாம்.

தேர்வுக்கு வருவோம். நான்கு தாள். கணக்கு 115 நிமிடம், மொழி 150, அறிவியல் 90, சமூக அறிவியல் 70. ஒரே நாளில் எல்லாம் எழுதவேண்டியதில்லை, ஒவ்வொன்றாக எழுதலாம், நானும் அதைத்தான் சொல்வேன். ஒவ்வொன்றிலும் 100 முதல் 200 வரை மதிப்பெண், 145 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் கூட எடுத்து இன்னொன்றின் குறையை ஈடுகட்ட முடியாது. 165-ஐத் தொட்டால் கல்லூரிக்குத் தயார் என்று போடுவார்கள், சில கல்லூரிகள் அதை வைத்து நுழைவு நிலைத் தேர்விலிருந்து விலக்குக் கொடுக்கும். அடிப்படைப் பாடங்களை மறுபடி படிக்கச் சொல்லி உதவித்தொகையை அதிலேயே கரைக்காமல் இருக்க இது ரொம்ப முக்கியம். 175-ஐத் தொட்டு, கல்லூரியும் ஒப்புக்கொண்டால் சில கிரெடிட்டே கிடைக்கும். அதனால் 145 போதும் என்று ஓடாதீர்கள். மொழியிலும் கணக்கிலும் 165-ஐக் குறி வையுங்கள்.

நம்மவர்களுக்குக் கணக்கு பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சூத்திரப் பட்டியல் கொடுத்துவிடுவார்கள், கால்குலேட்டர் உண்டு, முதல் ஐந்து கேள்விக்கு மட்டும் கிடையாது. பாதிக்கு மேல் அல்ஜீப்ரா. பத்தாவதில் படித்த இருபடிச் சமன்பாடும் நேர்கோட்டின் சாய்வும் ஒரு மாதம் உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். தடுக்குவது அங்குலம், அடி, கேலன் இவற்றில்தான், மீட்டரில் வளர்ந்த மூளை அதை வெறுக்கிறது. அறிவியலும் சமூக அறிவியலும் பெயருக்குத்தான் அந்தப் பாடங்கள், உண்மையில் அவை வாசிப்புத் தேர்வுகள். ஒரு பத்தியோ வரைபடமோ கொடுத்து அதிலிருந்து கேட்பார்கள். சமூக அறிவியலில் பாதி அமெரிக்க ஆட்சிமுறையும் அரசியல் சட்டமும். குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அதில் ஒரு பகுதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

உண்மையான மலை மொழித் தாள். தேர்வு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் மட்டும்தான், தமிழில் கிடையாது. அதில் 45 நிமிடக் கட்டுரை ஒன்று உண்டு. ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிராக வாதிடும் இரண்டு பத்திகளைக் கொடுத்து, எந்த வாதத்துக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். உங்கள் கருத்து என்ன என்று அவர்கள் கேட்கவே இல்லை! நம் ஊரில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு பொன்மொழி என்று பழகிவிட்டோம். நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரு அம்மா, தன் சொந்த அபிப்பிராயத்தை அழகாக எழுதிவிட்டு வந்து மதிப்பெண் குறைந்ததும் அழுதார். இரண்டாம் முறை, "முதல் பத்தி இன்ன புள்ளிவிவரத்தைத் தருகிறது, இரண்டாம் பத்தி வெறுமனே சொல்லிவிட்டுப் போகிறது" என்ற பாணியில் வறட்டுத்தனமாக எழுதினார், தேறிவிட்டார். தோற்றால் இரண்டு தடவை வரை காத்திருக்காமலே மறுபடி எழுதலாம், அதற்கு மேல் என்றால் 60 நாள் இடைவெளி வேண்டும். மாநில விதிகள் கொஞ்சம் மாறும். தேறிய தாள் தேறியதுதான், மறுபடி எழுதவேண்டாம்.

செலவைப் பற்றி அதிகம் பயப்படாதீர்கள். கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், நியூயார்க்கில் இலவசம். வகுப்புகளுக்கு மத்திய அரசு பணம் தருகிறது, கம்யூனிட்டி காலேஜ் எனும் உள்ளூர்க் கல்லூரி, நூலகம், பள்ளி மாவட்டம் என்று ஏதாவது ஒரு இடத்தில் இலவசமாகவோ ஏறக்குறைய இலவசமாகவோ மாலை வகுப்பு இருக்கும். ஆயிரம் டாலர் கேட்கும் பயிற்சி நிறுவனங்கள் உங்களுக்குத் தேவையே இல்லை. முதலில் ஜி.இ.டி. ரெடி என்ற மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். சில டாலர்தான் செலவு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும். பச்சை வந்த தாளை உடனே பதிவு செய்து எழுதிவிடுங்கள், ஒன்று தேறினால் மற்ற மூன்றுக்கும் தெம்பு வரும்.

இதில் ஏமாற்று வேலையும் நடக்கிறது. "வீட்டிலிருந்தபடியே ஒரே நாளில் உயர்நிலைப் பள்ளி டிப்ளமா" என்று இணையத்தில் விளம்பரம் வரும். பல கேள்விகளுக்கு விடையும் அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். 200, 300 டாலர் வாங்கிக்கொண்டு பெயர் தெரியாத பள்ளி ஒன்றின் டிப்ளமாவை அனுப்புவார்கள். 2014-ல் அமெரிக்க வணிக ஆணையம் இப்படிப்பட்டவர்கள் மீது வழக்குப் போட்டது, இன்னும் ஓய்ந்தபாடில்லை. உண்மையான ஜி.இ.டி.யை வீட்டிலிருந்து எழுத பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன, ஆனால் அப்போதும் மாதிரித் தேர்வில் பச்சை வந்திருக்கவேண்டும், கேமரா வழியாக ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். யாரும் பார்க்காமல் எழுதலாம் என்றால் அது போலி.

உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர், தன் பதினாறு வயது மகன் பள்ளி போர் அடிக்கிறது, ஜி.இ.டி. எழுதிவிட்டு வேலைக்குப் போகிறேன் என்கிறான், அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது என்பேன். உங்களுக்குச் சொன்ன அதே பதில் அவனுக்குப் பொருந்தாது. உங்களால் இந்த வயதில் திரும்பிப் போய்ப் பள்ளி பெஞ்சில் உட்கார முடியாது. அவனுக்கு மாற்று உண்மையான டிப்ளமா. பள்ளி முடித்தவனுக்குச் சமம் என்று சட்டம் சொன்னாலும் சந்தை சொல்வதில்லை என்று மேலே பார்த்தோம் அல்லவா, அந்த நஷ்டம் முழுவதும் அவன் தலையில் விழும். கலிபோர்னியா 1974-ல் ஜி.இ.டி.யை அனுமதித்த பிறகு அங்கே பள்ளியை விட்டுப் போகிறவர்கள் கூடினார்கள் என்று ஹெக்மன் குழுவே பிற்பாடு கண்டது. எளிதான வழி கண்ணில் பட்டால் கால் அந்தப் பக்கம்தான் போகும்.

வெண்டிஸ் ஹாம்பர்கர் கடைகளைத் தொடங்கிய டேவ் தாமஸ் பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடைகள், கோடீஸ்வரர். அவர் 1993-ல், அறுபதைத் தொட்ட பிறகு, புளோரிடாவில் கோகனட் க்ரீக் உயர்நிலைப் பள்ளி வழியாக ஜி.இ.டி. வாங்கினார். அவருக்கு அதனால் ஒரு காசு கூட வரவேண்டியதில்லை. படிக்காமலே அவர் ஜெயித்தாரே என்று பையன்கள் தன்னைக் காட்டிப் பள்ளியை விட்டுவிடுவார்களோ என்பதுதான் அவர் கவலை. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அவரையும் மனைவியையும் தங்கள் ஆண்டு விழா நடனத்துக்கு ராஜா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் வயதைப் பற்றிப் பேசினால் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், சிரிக்கவாவது செய்வார்.

கடைசியாக ஒன்று, சின்ன விஷயம், ஆனால் நம்மவர்கள் மாட்டுவது இதில்தான். பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயரும் தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக, கிரீன் கார்டில் கணவர் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் இனிஷியல் மட்டும் என்று நமக்கு மூன்று பெயர் இருக்கும். என் வகுப்பிலிருந்து போன ஒருவரை மூன்று மாதம் படித்து முடித்த பிறகு இந்தக் காரணத்துக்காக வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், கட்டணமும் போனது. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்களோ அதை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பார்த்து ஜி.இ.டி. தளத்தில் உங்கள் பதிவுக் கணக்கைத் தொடங்குங்கள்.